வலையில் சிக்கும் கடற்பசு

கடலில் ஒரு பசு இருக்கிறது. அது புல் மேய்கிறது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. அதற்குக் கொம்பு இல்லை, காலும் இல்லை. துடுப்புப் போன்ற இரண்டு கைகளும் அகன்ற வாலும் உண்டு. அதன் பெயர் கடற்பசு. பாக் விரிகுடாக் கரையில் வாழும் மீனவர்கள் அதை "ஆவுளியா" என்று அழைப்பார்கள்.

நீளம் ஒன்பது, பத்து அடி. எடை 400 கிலோ வரை இருக்கும். இவ்வளவு பெரிய பிராணி யாருக்கும் தீங்கு செய்வதில்லை. கடலடியில் முளைக்கும் புல்லை மேய்வதுதான் அதன் வேலை.

இந்தச் சாதுப் பிராணி இன்று அருகிவிட்டது. இந்தியக் கடல்களில் மொத்தம் சுமார் 240 கடற்பசுக்கள்தான் இருக்கும் என்று 2022-ஆம் ஆண்டில் அரசாங்கம் மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக் கடலில் வாழ்கிறது.

மூச்சு முட்டிச் சாகிறது

கடற்பசு மீன் அல்ல. மீனைப் போல நீருக்குள் மூச்சு விட அதனால் முடியாது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து காற்றை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. திருக்கை போன்ற பெரிய மீனுக்காக அகலமான கண்ணி வைத்த வலையைக் கடலடியில் விரிக்கிறார்கள். மாலையில் விரித்த வலையைக் காலையில் எடுப்பதும் உண்டு. இரவில் புல் மேய வரும் கடற்பசு அதில் மாட்டிக்கொள்கிறது. திமிறத் திமிற வலை சுற்றிக்கொள்கிறது. மேலே வர முடியவில்லை. சில நிமிடங்களில் உயிர் போய்விடுகிறது. காலையில் வலையை இழுக்கும் மீனவர் கண்ணில் படுவது பிணம்தான்.

ஒரு குட்டிக்குப் பல ஆண்டுகள்

மீன் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். கடற்பசு அப்படி அல்ல. ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அந்தக் குட்டி ஒன்றரை ஆண்டு வரை பால் குடிக்கும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒரு தாய் செத்தால் அந்த இழப்பை ஈடு செய்வது எளிதல்ல.

இதன் உறவுப் பிராணி ஒன்று வட பசிபிக் கடலில், கமாண்டர் தீவுகளின் அருகே இருந்தது. அதை விட மிகப் பெரியது. 1741-இல் ஆராய்ச்சியாளர் ஸ்டெல்லர் அதைக் கண்டார். பிறகு அந்தப் பக்கம் போன வேட்டைக்காரர்கள் இறைச்சிக்காக அதைக் கொன்று தீர்த்தார்கள். 1768-க்குப் பிறகு ஒன்று கூட இல்லை. இருபத்தேழே ஆண்டுகளில் ஓர் இனமே பூண்டோடு போய்விட்டது!

மீனவர் மீது பழி போடலாமா?

மீனவர் கடற்பசுவைத் தேடிப் போகவில்லை. மீனுக்கு விரித்த வலையில் அது தானாக வந்து விழுகிறது. அதை உயிரோடு விட வேண்டுமானால் வலையை அறுக்க வேண்டும். வலை பல ஆயிரம் ரூபாய் பெறும். கடன் வாங்கி வாங்கியதாகவும் இருக்கலாம். அறுத்துவிட்டால் மறுநாள் கடலுக்குப் போக முடியாது. வீட்டில் அடுப்பு எரியாது.

கடற்பசுவைக் கொல்வது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பெரிய குற்றம். வேண்டுமென்றே கொன்று இறைச்சி விற்பவனுக்குச் சிறைதான் சரி. ஆனால் தற்செயலாகச் சிக்கியதைச் சொல்ல வரும் மீனவரைக் குற்றவாளி போல நடத்தினால், அடுத்த முறை யார் வந்து சொல்வார்கள்?

இவ்வளவு கஷ்டத்திலும் வலையை அறுத்துக் கடற்பசுவை விடுவித்த மீனவர்கள் தஞ்சைக் கரையில் இருக்கிறார்கள். வனத்துறை அவர்களைப் பாராட்டிப் பரிசும் கொடுத்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் பாராட்டு வேறு, வலையின் விலை வேறு.

மராட்டிய மாநிலம் 2018-இல் ஒரு வழி கண்டது. பாதுகாக்கப்பட்ட கடல் பிராணியை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு 25,000 ரூபாய் வரை ஈடு கொடுப்பது என்று முடிவு செய்தது. எங்கே எப்போது நடந்தாலும் கேள்வி ஒன்றுதான்: பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது? ஆறு மாதம் அலைய வைத்தால் அது உதவி ஆகாது. வலை அறுந்த வாரமே பணம் கிடைத்தால்தான் அது உதவி.

செய்ய வேண்டியது என்ன?

2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. அறிவிப்பு கடலில் பயன் தர வேண்டுமானால் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும்.

புல் அடர்ந்த இடங்களில் அகலக் கண்ணி வலையை இரவு முழுதும் விட்டுவைக்கக் கூடாது. விரித்தால் அருகில் இருந்து அடிக்கடி பார்க்க வேண்டும். பிராணி சிக்கினால் முதலில் அதன் மூக்கை நீருக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். வாலைப் பிடித்து இழுக்காமல் வலையை அறுத்துவிட வேண்டும்.

கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைக் கண்டிப்பாக நிறைவேற்ற வேண்டும். இழுவை மடி கடலடியை வாரினால் புல் வேரோடு போகும். இறாலும் மீனும் குஞ்சு வளர்ப்பது அந்தப் புல்லில்தான். புல் போனால் கடற்பசுவும் பட்டினி, வள்ளக்காரரும் பட்டினி!

மூன்றாவதாக, அறுந்த வலைக்கு ஈடு உடனே கிடைக்க வேண்டும்.

கடற்பசு ஊருக்கெல்லாம் பொதுச் சொத்து. அதைக் காக்கும் செலவையும் ஊரே ஏற்க வேண்டும். ஒரு மீனவர் தலையில் மட்டும் அதைக் கட்டுவது நியாயம் அல்ல. வலைக்கு ஈடு நிச்சயம் என்ற நம்பிக்கை இருந்தால், கத்தியை எடுக்க அவர் கை தயங்காது.