கணினிக்கும் ஒரு முத்தவல்லி வேண்டும்



தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நமது திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் பெற்ற மடிக்கணினிகள் பல இல்லங்களில் இன்று அலமாரியின் மேல்தட்டில் கிடக்கின்றன. பேட்டரி போய்விட்டது, அதிலிருந்த விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு மேம்பாடுகளும் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. ஆனாலும் லினக்ஸை நிறுவி, மின்சாரத்தில் நேரடியாக இணைத்தால் அவற்றில் பல இன்னும் எழுதவும் படிக்கவும் உதவும்.

இவற்றைத் திரட்டி, சாலிடரிங் கருவிகளும் சேர்த்து, மதரஸா மாடியில் ஒரு பொதுப் பணிமனை அமைக்கலாமே என்று நம் இளைஞர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை தேடும் டிப்ளமோ மாணவர் இயந்திர வரைபடத்தைக் கைப்பேசியில் வரைந்து பழக முடியாது. வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால், அது முதலில் யார் கைக்குப் போகும், மகளின் கைக்கு எப்போது வரும் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

முன்மாதிரி தொலைவில் இல்லை. பெங்களூரின் சுதர்சன் லேஅவுட் குடிசைப்பகுதியில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் பிறர் பயன்படுத்திக் கழித்த கணினிகளைக் கொண்டு அம்பேத்கர் பெயரில் ஒரு சமூகக் கணினி மையத்தை நடத்தினர். அப்பகுதிப் பிள்ளைகள் அங்கே கணினியில் ஓவியம் வரையக் கற்றனர். கருவிகள் பழையவை, ஆனால் கற்பிக்கத் தன்னார்வலர்கள் தொடர்ந்து வந்தனர்.

நம்மிடம் நடப்பதோ வேறு. நன்கொடையாளரின் பெயரைப் பலகையில் எழுதுகிறோம், திறப்பு விழா நடத்துகிறோம், பிரியாணியும் பரிமாறுகிறோம். ஆறு மாதத்தில் "பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள்" என்று அறைக்குப் பூட்டு விழுகிறது. அமானிதத்தைப் பாதுகாப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அண்டை வீட்டார் கேட்கும் அற்பப் புழங்குபொருளைக்கூடக் கொடுக்க மறுப்போரைத் திருக்குர்ஆனின் 107-ஆம் அத்தியாயமான அல்மாஊன் கண்டிக்கிறது. வாளி, சட்டி, கோடரி போன்றவற்றை விரிவுரையாளர்கள் அதற்கு உதாரணம் காட்டினர். அந்தப் பட்டியலில் இன்று கணினியையும் சேர்ப்பதில் தவறில்லை என்றே கருதுகிறோம்.

பூட்டுக்கு மாற்று, பொறுப்பாளர். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் ஆலோசனைப்படி வக்ஃபு செய்தபோது, அதை விற்கவோ அன்பளிப்பாக வழங்கவோ வாரிசுரிமையாக்கவோ கூடாதென விதித்தார்கள். அதை நிர்வகிப்பவர் விளைச்சலிலிருந்து நியாயமான அளவு உண்ணலாம் என்பதையும் சேர்த்தே விதித்தார்கள். பராமரிப்பவரின் பங்கு அந்த வக்ஃபிலேயே அடங்கியிருந்தது. நாமோ கருவிக்கு வசூல் செய்கிறோம். அதைக் கவனிப்பவருக்கு ஒரு ரூபாயும் ஒதுக்குவதில்லை.

ஆகவே நிதி திரட்டும்போதே ஓராண்டு ஊதியத்தையும் சேர்த்துத் திரட்டுங்கள். படித்துவிட்டு வீட்டிலிருக்கும் ஒரு சகோதரிக்கு அப்பொறுப்பைத் தரலாம். பெண்கள் வரும் நேரத்தைத் தனியே பிரிக்கும் சிக்கலும் பாதி தீரும். ரௌட்டரின் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுவது அவர் வேலை. இணையத்தை ஸ்விட்ச் வழியே கம்பியில் பகிர்வது, சிறுவர்களுக்குத் தகாத தளங்களைத் தடுப்பது, தூசு துடைப்பது எல்லாம் அவர் கையில் இருக்கட்டும்.

முக்கியமான ஒன்று: ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். ஒருமுறை வந்து போவோருக்கு, வெளியேறியதும் தானே அழியும் விருந்தினர் கணக்கு போதும். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவரின் ஆதார் நகல் அடுத்தவர் கண்ணில் படும்படி கிடப்பதும் அமானிதத்தில் துரோகமே.

சிப்காட் ஆலைகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் ஜும்ஆவில் நம் தோளோடு தோள் நிற்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கும், பக்கத்துத் தெருவின் பிற சமயப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் உண்டென்று நிர்வாகக் குழு முதல் கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தப் பேச்சு வராது.