பழி தாய்க்கா?

ஆஸ்திரேலியாவில் 2025 பிப்ரவரித் திங்களில் 88 வயது முதியவர் ஒருவர் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அரசரல்ல, அமைச்சரல்ல, கோடி குவித்த கோமானுமல்ல. ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்த ஜேம்ஸ் ஹாரிசன்! அந்தத் தொழிலாளித் தோழரின் மறைவை உலகத்து ஏடுகள் எழுதினவே, ஏன்?

பதினான்கு வயதில் மார்பில் பெரிய அறுவை. முகமறியாதவர்கள் ஈந்த இரத்தத்தால் பிழைத்தார். பட்ட கடன் தீர்க்கப் பதினெட்டு வயதில் நீட்டிய கையை 81 வயதில்தான் மடக்கினார். 1173 முறை கொடுத்தார்! அவர் இரத்தத்தில் 'ஆன்டி-டி' என்னும் அரிய எதிர்ப்பொருள் இருந்தது. அதிலிருந்து செய்த ஊசிமருந்து 24 இலட்சம் குழந்தைகளைக் காத்ததென்று அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எதிலிருந்து காத்தது? தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ், வயிற்றுப் பிள்ளையினுடையது பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்தின்போது பிள்ளையின் இரத்தம் சில துளி தாயிடம் கலக்கும். தாயின் உடல் அதை அந்நியப் படையென்று எண்ணி, எதிர்ப்பொருளைத் தயாரித்து வைக்கும். முதற்பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளை பாசிட்டிவாக அமைந்தால், கருவிலேயே அதன் சிவப்பணுக்களைப் பதம் பார்க்கும். பிறக்காத பிள்ளைக்கு இரத்தசோகை! உடல் நீர்கோத்து வீங்கி, இதயம் களைத்து, செத்தே பிறப்பதும் உண்டு.

அடுத்தடுத்துப் பறிகொடுத்தவளை ஊர் என்ன சொல்லிற்று? ராசியில்லாதவள், தோஷக்காரி! பரிகாரத்துக்குப் பணம் கட்டியவர் எத்தனை பேர், இரத்த வகையைக் கேட்டவர் எத்தனை பேர்? அந்தப் பாசிட்டிவைப் பிள்ளைக்குக் கொடுத்தவன் தகப்பன், பழி மட்டும் தாய்க்கு!

விஞ்ஞானம் வாளாயிருக்கவில்லை. 1963-ல் நியூசிலாந்தின் ஆக்லந்து நகரில் லைலி என்ற மருத்துவர், தாயின் வயிற்றினூடே ஊசி செலுத்தி, கருவிலிருந்த சிசுவுக்கு இரத்தம் ஏற்றிக் காட்டினார். இன்று ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தொப்புள்கொடியின் நாளத்திலேயே ஏற்றுகிறார்கள். சோகையைக் கண்டறிய முன்னெல்லாம் ஊசி குத்திப் பனிக்குட நீரெடுத்தார்கள். இப்போது டாப்ளர் ஸ்கேன்! சோகை கண்ட இரத்தம் நீர்த்து, மூளைக்குச் செல்லும் குழாயில் விரைந்தோடும். அந்த வேகம் அந்த வாரத்துக்குரிய நடு அளவைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் அபாய அறிவிப்பு.

இத்தனைக்கும் பெரிய மருத்துவமனை வேண்டும், தேர்ந்த கை வேண்டும். இந்த நிலைக்கு வராமல் தடுக்கவோ, ஓர் ஊசி போதும். 28-வது வாரத்தில் ஒன்று. பிறந்த பிள்ளை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் மற்றொன்று. 1960-களின் இறுதியிலேயே வந்துவிட்ட மருந்து! ஆனால் உலகில் அது தேவைப்படும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கிடைப்பதில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். குமாஸ்தா கொடுத்துவிட்டார், தோழர்களே! கொண்டு சேர்க்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள்?

துணைவியாரின் இரத்த வகைச் சீட்டை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். நெகட்டிவ் என்றிருந்தால் டாக்டரிடம் ஊசி எப்போதென்று கேளுங்கள், கருக்கலைந்திருந்தாலும் கேளுங்கள். எதிர்ப்பொருள் முன்பே உண்டாகிவிட்டதென்றால் ஊசியால் பயனில்லை. அப்போது கேட்க வேண்டியது டாப்ளர் ஸ்கேனை!