ஆழ்ந்த ஒலியும் வாட் கணக்கும்

வீட்டில் இசை கேட்பதற்குச் சப்வூஃபர் வாங்குவோர் பலர், பெட்டியின்மீது அச்சிட்ட வாட் எண்ணையே அளவுகோலாகக் கொள்கின்றனர். இது பொருத்தமான முறையன்று. ஆழ்ந்த ஒலியின் வலிமையை முடிவு செய்வது ஒலிபெருக்கியின் கூம்பு தள்ளும் காற்றின் கன அளவேயாகும்.

விநாடிக்கு 40 அதிர்வுள்ள ஒலியை எழுப்பும் கூம்பு, 20 அதிர்வுள்ள ஒலியையும் அதே வலிமையுடன் எழுப்ப வேண்டுமாயின் நான்கு மடங்கு காற்றைத் தள்ளியாக வேண்டும். மூடிய பெட்டியில், அதன் இயல்பான ஒத்ததிர்வுக்குக் கீழே, இதற்கு ஏறத்தாழ 16 மடங்கு மின்திறன் தேவைப்படும். அவ்வளவு மின்திறன் கிடைத்தாலும், சிறிய கூம்பு அத்தனை தொலைவு அசைய இயலாது, ஒலி சிதையும். மாறாக, 15 அங்குலக் கூம்பின் பரப்பு 10 அங்குலக் கூம்பினதைப் போல் ஏறத்தாழ 2¼ மடங்கு. ஆகவே குறைந்த அசைவே போதும்.

தாமே பெட்டி செய்வோரும் மனம்போனபடி பலகை அறுத்தலாகாது. துளையுள்ள பெட்டியில், அது இசைவிக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பு கட்டுப்பாடின்றி அசைந்து பழுதுறும். 1961-இல் தீல் வெளியிட்டு, 1970-களில் ஸ்மால் விரிவாக்கிய அளவீடுகளைக் கொண்டு பெட்டியின் கன அளவைக் கணக்கிடலாம்.

பள்ளியில் அலைகளைப் பற்றிய பாடத்துடன் இக்கணக்கையும் ஆசிரியர் விளக்குவாராயின், பல குடும்பங்களின் பணம் வெறும் எண்ணுக்காகச் செலவழியாமல் தப்பும்.