போர்ட் பழசு என்பது காரணமா?

“பழைய டெஸ்க்டாப்பில் இருப்பது சாட்டா 2 போர்ட். அதில் எஸ்எஸ்டி மாட்டினாலும் முழு வேகம் வராது. காசு வீண், புது மெஷினே வாங்குங்கள்.” திருவனந்தபுரத்திலும் இந்த வாதம்தான் ஓடுகிறது. முதல் இரண்டு வாக்கியங்கள் உண்மை. முடிவு தவறு.

1. சாட்டா 2-இன் உச்சம் விநாடிக்குச் சுமார் 300 எம்பி. பழைய ஹார்ட் டிஸ்க் 150-ஐத் தொடவே திணறும். எதோடு ஒப்பிட வேண்டும்? எஸ்எஸ்டி பெட்டியில் அச்சிட்ட 550-ஓடா, உள்ளே சுற்றும் தட்டோடா?

2. கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கும்போது படிப்பது ஒரே பெரிய கோப்பை அல்ல. சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க், ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்கப் பத்து மில்லி விநாடிக்கு மேல் எடுக்கும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். இதில் போர்ட் எங்கே குறுக்கே வந்தது?

3. “விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலேயே ஆதரவு முடிந்துவிட்டதே?” முடிந்தது. அதனால் மெஷின் செத்துவிட்டதா? திருவனந்தபுரத்தின் பூஜப்புரையில் இயங்கும் கேரள அரசு நிறுவனமான கைட், கேரளப் பள்ளிகளுக்காக உபுண்டு அடிப்படையிலான லினக்ஸைத் தயாரித்து இலவசமாகவே தருகிறது. அதை நிறுவலாம்.

4. ராம் 2 ஜிபிதானா? அதையும் கூட்டுங்கள். வீடியோ எடிட்டிங் வேலையா? அப்போது புது மெஷின் கேளுங்கள். அங்கே தடை ப்ராசஸர்.

கணக்கும் கடிதமும் பிரவுசரும் மட்டும் என்றால், முதலில் டிஸ்க்கை மாற்றுங்கள். எஸ்எஸ்டி வீணாகாது, நாளை புது மெஷின் வாங்கினாலும், சாட்டா போர்ட் இருந்தால் அதில் மாட்டலாம்.