விரலுக்குத் தக்க வீக்கம்

ஜீப் வண்டி வாங்கிய இளைஞர் அதனை இன்னும் சற்று உயர்த்தினால் என்ன என்று விரைவிலேயே எண்ணத் தொடங்குகிறார். எண்ணுவதில் தவறில்லை. எத்தனை அங்குலம் என்பதிலேதான் விவேகம் வேண்டும்.

உயர்த்தும் வழிகள் மூன்று. ஸ்பிரிங்கின் மேல் கட்டை வைப்பது ஒன்று. செலவு குறைவு, ஆயின் ஸ்பிரிங்கின் குணம் மாறாது. நீண்ட ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷொக் அப்சோபரும் பூட்டுவது மற்றொன்று; செலவு மிகுதியெனினும் மேடுபள்ளத்திற் சக்கரம் நிலத்தைப் பற்றி நிற்கும். மூன்றாவது, சட்டத்தின் மேலுள்ள கூட்டை மாத்திரம் தூக்குவது. பெரிய ரயருக்கு இடம் கிடைக்குமேயன்றிச் சட்டம் உயராது.

பலர் கருதாத உண்மை ஒன்றுண்டு. முழு அச்சுடைய வண்டியில், ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி நிலத்திலிருந்து நூலளவும் உயராது. அதனை உயர்த்துவது ரயரே. விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு 1 அங்குலம் உயரும். ஆகவே முதலில் ரயரைத் தீர்மானித்து, அது உரசாமற் சுழல வேண்டிய அளவே உயர்த்துதல் முறை. ஜீப் ரங்லருக்கு 33 அங்குல ரயர் போதுமென்பார்க்கு 2½ அங்குல உயர்வு தாராளம்.

அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் அங்குலத்துக்கும் விலையுண்டு. பாரமையம் மேலேற, வளைவிற் கவிழும் அபாயம் பெருகும். உந்துதண்டின் சாய்வு கூடி மூட்டுத் தேயும். பிரேக் குழாய் எட்டாது போகலாம். 32 அங்குல ரயரை நீக்கி 35 அங்குலம் பூட்டினால், வேகமானி 60 காட்டும்போது வண்டி 65க்கு மேல் ஓடும். வேகமானியையும் திருத்துதல் வேண்டும்.

1941 முதல் போருக்கென வார்க்கப்பட்ட வில்லிஸ் ஜீப், 16 அங்குல விளிம்பில் 6 அங்குல ரயருடனேயே சேற்றையும் மணலையும் கடந்தது என்பதையும் நினைவிற் கொள்வோமாக.

ஞாயிறன்று காடு செல்லும் வண்டியே திங்களன்று பிள்ளைகளைப் பாடசாலைக்குச் சுமக்கிறது. முதிய தாயார் ஏறமாட்டாது வாசலில் நின்றுவிடும் உயரம் எவருக்குப் பெருமை? பணம் கொடுக்குமுன் வீட்டாரையும், மோட்டார்ச் சட்டத்தையும், காப்புறுதிக் கம்பனியையும் கேட்டறிதல் நலம். இவர்கள் யாவரும் இசையும் அங்குலமே ஏற்ற அங்குலம் என்பது எமது கருத்து.