வாயில் மறுத்தல்

"ரெண்டு பக்கமும் கேக்கணும்மா" என்ற வாக்கியத்தை நான் வெறுக்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. மகளிர் காவல் நிலைய பெஞ்சில், குடும்ப ஆலோசனை அறையில், ஊர்ப் பெரியவர்கள் கூடும் திண்ணையில் என எல்லா இடத்திலும் நியாயத்தின் மறுபெயர்போல அதைச் சொல்கிறார்கள். கேட்டு முடித்ததும் இரண்டு கதைகளுக்கும் நடுவே ஒரு கோடு விழும். "ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு, அனுசரிச்சுப் போங்க." அடித்தான் என்கிறாள் அவள். அடிக்கவில்லை என்கிறான் அவன். இவற்றுக்கு நடு எது? பாதி அடியா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் சிலருக்குத் துணையாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். என் மாணவிகளின் அம்மாக்களும் அவர்களில் உண்டு. அவள் பக்கம் பேச அவள் ஒருத்தி. எதிரே கணவன், மாமியார், நாத்தனார், கொழுந்தன். நாலு பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே, பொய்யாக இருக்குமா என்கிறார்கள். ஒரே அடுப்படியில் பேசி முடித்துக்கொண்டு வந்த நான்கு வாய்கள் ஒரே சாட்சிதான். பல நேரம் ஐந்தாவதாக அவளைப் பெற்றவளும் சேர்ந்துகொள்கிறாள்: "இவளுக்கும் கொஞ்சம் வாய் ஜாஸ்திதாங்க." மகள் திரும்பி வந்தால் எங்கே படுக்கவைப்பது என்று தெரியாத அம்மா வேறென்ன சொல்வாள்? அந்த வாக்குமூலம் மகளைப் பற்றியதல்ல, வீட்டு வாடகையைப் பற்றியது.

"மொதல்ல கீழ விழுந்தேன்னா, இப்ப அடிச்சான்றா. மாத்தி மாத்திப் பேசுறா." முதல் தடவை சொன்னபோது பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதி வைத்தீர்களா?

நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். சங்க அகப்பாட்டின் அடியில் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று குறிப்பு இருக்கும்; யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்று தெரியும். அதைப் பார்க்காமல் பொருள் எழுதினால் முதலாண்டு மாணவிக்குக்கூட நான் மதிப்பெண் போடமாட்டேன். தலைவன் சொன்னதையும் தலைவி சொன்னதையும் கூட்டி இரண்டால் வகுத்த உரையாசிரியர் யாரையும் நான் படித்ததில்லை. ஆலோசகரின் கோப்பில் இந்தக் குறிப்பு ஏன் இல்லை?

மருதத்தில் 'வாயில் மறுத்தல்' என்றொரு துறை உண்டு. பரத்தையிடம் போய்வந்த தலைவனுக்காகப் பாணனும் மற்றவர்களும் சமாதானம் பேச வருவார்கள்; தலைவி மறுத்து அனுப்புவாள். நம் ஆலோசகர்கள் பலர் அந்தப் பாணனின் வேலையைத்தான் செய்கிறார்கள். (பாணனுக்காவது யாழ் வாசிக்கத் தெரியும்.)

சட்டம் இவர்களைப்போல மயங்கவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு 2006இல் வந்த விதிகளில் 14ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனையின் நோக்கம், வன்முறை மறுபடி நடக்காது என்ற உறுதியைப் பெறுவது. செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்க அவனை அனுமதிக்கக் கூடாது. இதைத் தொடங்கும் முன்பே அவனிடம் சொல்லிவிட வேண்டும். "சோத்துல உப்பில்ல", "எதுத்துப் பேசுறா" எல்லாம் அந்த அறைக்குள் வரவே கூடாதவை. நான் உட்கார்ந்திருந்த அறைகளில் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.

அப்படியானால் ஆண் சொல்வதைக் கேட்கவே கூடாதா என்பார்கள். கேளுங்கள், தனியாக, முழுசாகக் கேளுங்கள். பிறகு சரிபாருங்கள். "ராத்திரி லேட்டா வரா, எங்க போறான்னு தெரியல" என்றான் ஒருவன். அந்த மாதச் சம்பளச் சீட்டில் ஓவர்டைம் மணிக்கணக்கு இருந்தது. கம்பெனி பஸ் ஊருக்குள் எத்தனை மணிக்கு நிற்கும் என்பது டீக்கடைக்காரருக்கும் தெரியும். அவளுடைய ஏ.டி.எம். கார்டு எங்கே என்று கேட்டபோது, அவன் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். சந்தேகப்பட்ட ஓவர்டைமின் காசை மாதாமாதம் எடுத்தவனும் அவனே. எல்லாவற்றுக்கும் இப்படிச் சீட்டு கிடைக்காது. கிடைக்காதபோது கேட்கவேண்டியது ஒன்றுதான்: அவளை நம்பி, அது தவறாகிவிட்டால் என்ன நஷ்டம்? அவளை நம்பாமல் வீட்டுக்கு அனுப்பி, அது தவறாகிவிட்டால்?

மனநல சிகிச்சையில் இது இன்னும் நுட்பமானது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தருவதற்குப் பல பத்தாண்டுகளாகப் பெயர்பெற்றது. சங்கிலியில் கட்டி எங்கோ விட்டுவிட்டு வருவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் எந்த மருத்துவமனையிலும், அவளைக் காயப்படுத்திய வீடே அவளைப் பற்றிய வரலாற்றையும் சொல்லுமானால், அவளுடைய கோபம் அறிகுறியாகவும் அவர்களுடைய எரிச்சல் தகவலாகவும் பதிவாகிவிடும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவள் கணவனோ பெற்றோரோ அல்லாத ஒருவரையும் தன் பிரதிநிதியாக எழுதிக்கொடுக்கலாம். தோழியை எழுதலாம். இதை நான் வகுப்பில் சொன்னபோது முன்பே தெரியும் என்று ஒரு கைகூட உயரவில்லை.

பிள்ளைகளைக் கூப்பிட்டு "அப்பா அடிச்சாரா?" என்று எல்லார் முன்னாலும் கேட்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். ராத்திரி அந்தப் பிள்ளை அதே வீட்டில்தான் தூங்கவேண்டும்.

சமாதானம் எழுதி வாங்கிக் கோப்பை மூடுகிறீர்களே, பதினைந்து நாள் கழித்து அவளுக்கு ஒரு போன் போடுங்கள். போனை யார் எடுத்தார்கள் என்பதையும் அதே கோப்பில் எழுதுங்கள்.