ஸ்கேனர் சொல்வது பாதிதான்!

பெட்ரோல் கார் இன்ஜின் குலுங்குகிறது. செக் இன்ஜின் லைட் எரிகிறது. புளூடூத் ஸ்கேனரைச் செருகி செல்போனில் பார்த்தால் பி0301 என்ற எண் வருகிறது. உடனே "இக்னிஷன் காயிலை மாற்றுங்கள்" என்பார்கள். அவசரப்படாதீர்கள்! முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்பதே அந்த எண்ணின் பொருள். காரணம் காயிலாக இருக்கலாம். ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், ஒயரிங் என வேறு எதுவாகவும் இருக்கலாம்.

ராம் பழுதா என்று அறிய ஸ்லாட் மாற்றிப் பார்ப்போம் அல்லவா? அதே வழிதான் இங்கும். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள காரா? இன்ஜினை அணைத்து, சூடு ஆறியபின் 1, 2-ஆம் சிலிண்டர் காயில்களை இடம் மாற்றுங்கள். பழைய எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0302 வந்தால் காயில்தான் பழுது. மீண்டும் பி0301 வந்தால், அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள்.

இன்ஜின் ஓடும்போது காயிலைத் தொடாதீர்கள். அதில் பல்லாயிரம் வோல்ட் இருக்கும். லைட் விட்டுவிட்டு எரிந்தால் காரை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே கெடுத்துவிடும். அதன் விலை காயிலைவிடப் பல மடங்கு!

என்னைக் கேட்டால், சோதித்துக் காட்டிய பிறகே மெக்கானிக்கிடம் புதுக் காயிலுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.